தண்ணீர் ஏன் நின்றது: ஒத்தக்கடை அருகே ஒரு கிரானைட் வேலைத்தளம் பற்றிய நிகழ்வு ஆய்வு

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், ஒத்தக்கடையைத் தாண்டி எழுந்துகொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், சமையல் மேடைகளுக்குக் கிரானைட் பதித்துவந்த ஐந்து பேர் கொண்ட குழுவைப் பற்றியது இந்த ஆய்வு. குழுவில் மேஸ்திரிக்கு அடுத்த நிலையில் இருந்தவருக்கு, முப்பத்து நான்கு வயதில், சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் உறுதியானது. மற்ற நால்வரும் அதே வழியில் போய்விடக் கூடாது என்ற கவலையோடு கட்டட ஒப்பந்ததாரர், தொழிலகப் பாதுகாப்புத் துறையில் இருக்கும் என்னை அழைத்து, வேலைமுறையை நேரில் பார்த்து மாற்றங்களைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். தொழிலாளர்களையும் குடியிருப்பையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே விலக்கியிருக்கிறேன்.

கல்லை ஈரமாக வெட்ட வேண்டும் என்பது அந்தக் குழுவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர்களிடம் இருந்த கட்டிங் மிஷினிலேயே தண்ணீர்க் குழாய் மாட்டுவதற்கான மூக்கும் இருந்தது. அப்படியிருந்தும் அந்தத் தளத்தில் தண்ணீர் ஏன் நின்றுபோனது என்பதைக் கண்டறிவதே இந்த ஆய்வின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறந்தன.

நோயாளியும் நோயும்

அவர் மேலூர் வட்டாரத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். பதினேழு வயதில் கிரானைட் குவாரியில் துளை போடுகிறவர்களுக்குக் கையாளாகச் சேர்ந்தார். 2012ஆம் ஆண்டில் அந்தப் பகுதிக் குவாரிகள் மூடப்பட்டபின், கல்லைப் பற்றி அறிந்த பலரையும் போல, வீடுகளுக்குக் கிரானைட் பதிக்கும் வேலைக்கு மாறினார். குவாரி திறந்தவெளி, காற்று தூசியைக் கொஞ்சமாவது அடித்துக்கொண்டு போய்விடும். வீட்டு வேலையிலோ எட்டுக்குப் பத்தடி சமையலறைக்குள், பெரும்பாலும் ஒரே ஒரு சன்னலை நம்பி, முகத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில் பிளேடு சுழல்கிறது. கனமான குவாரி வேலையிலிருந்து இலகுவான வேலைக்கு வந்துவிட்டதாகவே அவர் எண்ணியிருந்தார்.

முதலில் வறட்டு இருமல் வந்தது. பிறகு இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது; எடை குறைந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி தென்படவில்லை என்றாலும், எக்ஸ்ரேயில் தெரிந்த புள்ளிகளைக் கொண்டு அவருக்கு ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுக்கப்பட்டது. பலன் இல்லை. சிலிக்காத் தூசி சேர்ந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. ஆகவே காசநோயைச் சந்தேகித்ததில் தவறில்லை. விடுபட்டுப்போனது, என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறீர்கள் என்ற கேள்வி. பிறகு பார்த்த நெஞ்சக நோய் மருத்துவர் அதைக் கேட்டார். இரண்டு நுரையீரல்களின் மேற்பகுதியிலும் இருந்த சிறு உருண்டைப் புள்ளிகளையும், நிணநீர்க் கணுக்களின் ஓரங்களில் படிந்திருந்த சுண்ணாம்பையும், பதினேழு ஆண்டுக் கல் வேலையையும் சேர்த்துப் பார்த்தபோது நோய் இன்னதென்று தெரிந்தது.

கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் என்னும் படிகச் சிலிக்கா மிக நுண்ணிய துகளாக உடையும்போது, மூக்கு முடியிலும் தொண்டைச் சளியிலும் சிக்காமல், காற்றுப் பைகள் வரை இறங்கிவிடுகிறது. அங்கே கிருமிகளை விழுங்கி அழிக்கும் பாதுகாப்பு உயிரணுக்கள் இதையும் விழுங்குகின்றன. ஆனால் இதைச் செரிக்க முடியாமல் அவையே சாகின்றன. அவற்றிலிருந்து விடுபட்ட துகளை அடுத்த உயிரணு விழுங்குகிறது. இந்தச் சுற்றில் ஏற்படும் அழற்சியால் நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பாக இறுகுகிறது. தூசியை விட்டு விலகிய பின்னும் இது நிற்காமல் தொடரக்கூடும். படிந்ததை வெளியே எடுக்க மருந்து கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மூச்சில் செல்லும் படிகச் சிலிக்காவை 1997இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது கோலார் தங்கவயலில். தமிழ்நாட்டிலிருந்து சென்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த சுரங்கம் அது. பாறைக்குள் துளைபோட்ட அந்தத் தொழிலாளர்களைத் தாக்கிய அதே துகள், இன்று ஒரு கையடக்கக் கருவியின் வழியாகச் சமையலறைக்குள் வந்திருக்கிறது.

ஒரு சிங்க் ஓட்டைக்குள் எவ்வளவு தூசி

தளத்தில் இருந்தவர்களிடம் நோயை விளக்குவதைவிட ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியது அதிகம் பயன்பட்டது. ஆகவே அதை இங்கே முழுமையாகத் தருகிறேன்.

24 அங்குலத்துக்கு 18 அங்குலம் சிங்க் ஒன்றுக்கு மேடையில் ஓட்டை எடுத்தால், பிளேடு ஓடும் தூரம் ஏறத்தாழ 2.1 மீட்டர். ஸ்லாப்பின் கனம் 18 மில்லிமீட்டர். பிளேடு தின்னும் அகலம் ஏறத்தாழ 2.2 மில்லிமீட்டர். இம்மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 83 கன சென்டிமீட்டர் கல் முற்றிலும் பொடியாகிறது. அதன் எடை ஏறத்தாழ 220 கிராம். கிரானைட்டில் குவார்ட்ஸின் பங்கு கல்லுக்குக் கல் மாறும்; நூற்றுக்கு முப்பது என்று வைத்துக்கொண்டால், ஒரு சிங்க் ஓட்டையில் 65 கிராமுக்கு மேல் குவார்ட்ஸ் பொடியாகிறது.

இனி, எல்லை எவ்வளவு என்று பார்க்கலாம். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் 2016இல் வெளியிட்ட விதிப்படி, எட்டு மணி நேர வேலையின் சராசரியில், ஒரு கன மீட்டர் காற்றில் நுரையீரலின் ஆழத்தை எட்டக்கூடிய படிகச் சிலிக்கா 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. வேலை செய்கிறவர் ஒரு பகலில் ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்றால், நாள் முழுவதும் சேர்த்து அரை மில்லிகிராம். பொடி உப்பில் பத்துப் பரலின் எடைக்கும் குறைவு. அந்தச் சமையலறையின் கொள்ளளவு ஏறத்தாழ 23 கன மீட்டர். அதன் காற்று முழுவதையும் அந்த எல்லைக்குக் கொண்டுபோக, 1.1 மில்லிகிராம் நுண்துகள் மிதந்தால் போதும். வெட்டியதில் உண்டான 65 கிராம் குவார்ட்ஸில் அறுபதாயிரத்தில் ஒரு பங்கு இது. பொடியில் பெரும்பகுதி கனமானது, கீழே விழுந்துவிடும்; அதைக் கழித்தாலும், மீதியில் மிகச் சிறு துளி மிதந்தாலே எல்லை பலமடங்கு தாண்டப்படும். சன்னலைத் திறந்து வைப்பதோ மின்விசிறியை ஓட விடுவதோ இந்த அளவை ஈடுகட்டாது என்பதை மேஸ்திரி இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

கண்ணுக்குத் தெரியும் தூசி படிந்தபின் காற்று சுத்தமாகிவிட்டது என்று எண்ணுவது இன்னொரு தவறு. அசையாத காற்றில் 2 மைக்ரான் அளவுள்ள குவார்ட்ஸ் துகள் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு ஐந்து மணி நேரம். மனிதத் தலைமுடியின் தடிப்பு 70 மைக்ரான் அளவில் இருக்கும். அதோடு ஒப்பிட்டால் இவை கண்ணுக்கு அகப்படாதவை. பகல் உணவுக்குப் பிறகு அதே அறையில் உட்கார்ந்து ஓய்வெடுப்பவர், காலையில் வெட்டிய கல்லைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

இதைக் கண்ணால் காட்ட எளிய வழி ஒன்று உண்டு. மாலை இருட்டத் தொடங்கியதும், அறை விளக்கை அணைத்துவிட்டு, வேலை செய்கிறவரின் பின்புறம் சற்றுத் தாழ்வாக ஒரு சக்திவாய்ந்த டார்ச்சை வைத்து, எதிர்ப்புறத்திலிருந்து ஒளிக்கற்றையின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஒளி நேராகக் கண்ணில் படாமல் ஓர் அட்டையால் மறைத்துக்கொள்ள வேண்டும். பகலில் சுத்தமாகத் தெரிந்த காற்றில் தூசி எப்படி எழுகிறது, எங்கே போகிறது, யாருடைய முகத்தைத் தொடுகிறது என்பதெல்லாம் அப்போது தெரியும். இது எவ்வளவு தூசி என்று அளவு சொல்லாது. தூசியின் பாதையைச் சொல்லும். முதல் நாள் மாலையே இதைச் செய்தோம். வெட்டிக்கொண்டிருந்தவர் முகத்தைத் துண்டால் கட்டியிருந்தார். அவருக்கு எதிரே ஸ்லாப்பைப் பிடித்துக்கொண்டிருந்த இளைஞருக்கு அதுவும் இல்லை. பிளேடு சுழலும் திசையில் எழுந்த தூசிக் கீற்று நேராக அந்த இளைஞரின் முகத்துக்குத்தான் போனது. மிஷினைப் பிடிக்காதவர் பத்திரமாக இருக்கிறார் என்ற நினைப்பு அன்றைக்கே போயிற்று.

தண்ணீர் ஏன் நின்றது

மேஸ்திரியிடம் தனியாகப் பேசியபோது காரணம் வெளிவந்தது. "தண்ணி ஊத்தி அறுத்தா ஷாக் அடிக்குது சார். ரெண்டு பேருக்குக் கை உதறிப்போச்சு. தூசி நாளைக்குக் கொல்லும், கரண்டு இன்னைக்கே கொன்னுடும்" என்றார். இந்தப் பதிலை அலட்சியம் என்று ஒதுக்க முடியாது. இரண்டு ஆபத்துகளை எடைபோட்டு, உடனடியாகக் கொல்லக்கூடியதிலிருந்து அவர்கள் தப்பித்திருக்கிறார்கள். பாதுகாப்பு வகுப்புகளில் தண்ணீர் ஊற்றுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பதில் சொல்லாமல் விட்ட இடம் இதுதான்.

ஷாக் அடித்தது எந்த மிஷினில் என்று கேட்டபோது முடிச்சு அவிழ்ந்தது. அவர்களிடம் இரண்டு வகைக் கருவிகள் இருந்தன. ஒன்று, கல் அறுப்பதற்கென்றே செய்யப்பட்ட கட்டிங் மிஷின்; தண்ணீர் பிளேடில் மட்டும் விழும்படி குழாயும் திருகும் அமைந்தது. மற்றொன்று, நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர். வளைவு வெட்டவும், முன்விளிம்பை உருட்டவும், சிங்க் ஓட்டையின் மூலையைச் சரிசெய்யவும் பயன்படுவது. கிரைண்டர் தன் மோட்டாரைக் குளிர்விக்க உடம்பிலுள்ள துவாரங்கள் வழியாகக் காற்றை இழுக்கிறது. பக்கத்தில் தண்ணீர் தெறித்தால் அதையும் சேர்த்து இழுத்துவிடும். அது ஈர வேலைக்குச் செய்யப்பட்டதே அல்ல. மூடியில் துளையிட்ட பாட்டிலால் கையாள் தண்ணீர் ஊற்ற, கிரைண்டரால் வெட்டியபோதுதான் இரண்டு முறையும் ஷாக் அடித்திருக்கிறது. அந்தப் பயத்தில் கட்டிங் மிஷினுக்கும் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள்.

மின்சாரப் பக்கத்தைச் சோதித்தபோது அவர்களுடைய பயம் முழுக்க நியாயமானது என்று தெரிந்தது. தற்காலிக இணைப்புப் பலகையில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லை. நீட்டிப்பு ஒயரில் இருந்த ஒட்டுகள் இன்சுலேஷன் டேப் சுற்றி ஈரத் தரையிலேயே கிடந்தன. பிளக்கை விட்டுவிட்டு ஒயர் முனைகளை நேரடியாகத் துவாரத்தில் செருகித் தீக்குச்சியால் இறுக்கியிருந்தார்கள்.

வேறு காரணங்களும் இருந்தன. தண்ணீர் விட்டால் கல் சேறு தெறித்து, புட்டி வைத்து பெயின்ட் அடித்த சுவர் கறைபடுகிறது என்று பெயின்டர்கள் சண்டைக்கு வந்தார்கள். வீட்டுக்காரர்களும் புகார் செய்தார்கள். பென்சிலால் போட்ட கோடு சேற்றில் மறைந்து, அறுப்பு கோணலாகி, ஒரு ஸ்லாப் வீணானது. அதன் விலை மேஸ்திரியின் கணக்கில் கழிந்தது. கூலி அடிக்கணக்கில் என்பதால், தண்ணீர் ஊற்றவென்று ஓர் ஆளை நிறுத்துவது நான்கு பேரின் வருமானத்தை ஐந்தாகப் பிரிப்பதாகும். உலர்வெட்டு வேகமாகவும் முடிந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சிறிய காரணம்தான். எல்லாம் ஒரே திசையில் தள்ளியதால் தண்ணீர் நின்றது.

மாற்றியவை

எந்த முறையைக் கொண்டுவந்தாலும் அது இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் போன மறுநாளே பழைய வழி திரும்பும் என்பதை ஒப்பந்ததாரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதல் மாற்றம், வெட்டும் இடத்தைப் பற்றியது. சிங்க், அடுப்பு ஓட்டைகளைத் தளத்தில் எடுக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. சிங்க் கடைசி நேரத்தில் வாங்கப்படுவதும், சுவர்கள் மூலைமட்டத்துக்கு நிற்காததும்தான் அந்த வழக்கத்தை உண்டாக்கியிருந்தன. சிங்க் மாடலை முன்கூட்டியே முடிவுசெய்யும்படி வீட்டுக்காரர்களுக்கு ஒப்பந்ததாரர் தெரிவித்தார். ஒவ்வொரு சமையலறைக்கும் பிளைவுட்டில் அச்சு எடுத்து, சுவரின் கோணலையும் அதிலேயே குறித்து, ஸ்லாப் வாங்கும் கடையின் பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே தண்ணீர் ஓடும் பெரிய அறுப்பு மிஷினில் ஓட்டையும், காற்றழுத்தத்தால் ஓடும் ஈரப் பாலிஷ் கருவியில் முன்விளிம்பும் முடிந்து வந்தன. தளத்தில் எஞ்சியது ஓரம் சீவுவதும் சின்னச் சின்னத் திருத்தங்களும் மட்டுமே. தூசியைப் பிடிப்பதைவிட அதை உண்டாக்காமல் இருப்பது எப்போதும் மேல். இந்தத் தளத்தில் அதிகப் பலன் தந்த ஒரே மாற்றத்தைச் சொல்லச் சொன்னால் பிளைவுட் அச்சைத்தான் சொல்வேன்.

எஞ்சிய அறுப்பைத் தரைத்தளத்தில், சுவரில்லாத வண்டி நிறுத்தும் பகுதிக்குக் கொண்டுபோனோம். பெயின்டர்களின் புகாரும் அதோடு தீர்ந்தது. கட்டிங் மிஷினின் மூக்கில் குழாயை மாட்டி, தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் 16 லிட்டர் கைத்தெளிப்பானோடு இணைத்தோம். மேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அதைக் கையாளச் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்து படாத புதியது ஒன்றை வாங்கினால் போதும். பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டுதல் கல் அறுக்கும் கருவிகளுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் கேட்கிறது. அந்த அளவில் ஒரு நிரப்பு அரை மணி நேர அறுப்புக்கு வரும். பம்ப் அடித்து வைத்துவிட்டால் தனி ஆள் வேண்டாம். தண்ணீர் பிளேடு கல்லைத் தொடும் இடத்திலேயே விழ வேண்டும். முன்கூட்டியே கல்லை நனைத்து வைப்பதும் எழுந்த தூசிமேல் தெளிப்பதும் பயன்படாது.

கோடு மறையும் சிக்கலுக்கு, ஸ்லாப்பில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் தண்ணீரில் அழியாத மார்க்கரால் கோடு போட்டார்கள். டேப் ஓரத்தில் கல் பிசிறாமலும் காத்தது.

மின்சாரத்துக்கு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய பலகை ஒன்று செய்யப்பட்டது. தினமும் வேலை தொடங்கும்முன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது மேஸ்திரியின் பொறுப்பு. ஒட்டில்லாத ரப்பர் ஒயர், எர்த் முறையாக இணைந்த மூன்றுமுனைப் பிளக், தூணில் அடித்த கொக்கியில் தரைக்கு மேலே தொங்கும் இணைப்புகள், ரப்பர் பூட்ஸ் ஆகியவை சேர்ந்தன. பலகை வந்த அன்று, மின்பணியாளர் வேண்டுமென்றே கசிவை உண்டாக்கி அது துண்டிப்பதைக் காட்டினார். அதைப் பார்த்த பிறகே குழு தண்ணீர்க் குழாயை மாட்டியது.

ஆங்கிள் கிரைண்டருக்குத் தண்ணீர் கூடாது என்பது கண்டிப்பான விதியானது. அதற்கு, பிளேடைச் சுற்றி மூடித் தூசியை இழுக்கும் உறிஞ்சுமூடியும் அதோடு இணைந்த வேக்குவமும்தான் வழி. இங்கே முதல் முயற்சி பலிக்கவில்லை. வீட்டு உபயோக வேக்குவம் ஒன்றைக் கொண்டுவந்து இணைத்தார்கள். சற்று நேரத்திலேயே வடிகட்டி அடைத்து உறிஞ்சும் சக்தி விழுந்தது. அதைவிட மோசமாக, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது வேக்குவத்தின் பின்வாயிலிருந்தே நுண்தூசி புகையாக வெளியேறிக்கொண்டிருந்தது. பெரிய துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, நுரையீரலுக்குள் போகும் துகளை மட்டும் அது அறைக்குள் திருப்பி விட்டது. முன்னே சொன்ன அமெரிக்க விதி, உறிஞ்சுமூடியோடு கூடிய கிரைண்டருக்குப் பிளேடின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நிமிடத்துக்கு 25 கன அடி காற்றோட்டமும், 99 விழுக்காடு பிடிக்கும் வடிகட்டியும், அடைப்பைத் தானே உதறும் அமைப்பு அல்லது பெருந்துகளை முன்பே பிரிக்கும் சுழற்கலனும் கேட்கிறது. நான்கு அங்குலப் பிளேடுக்கு 100 கன அடி. இதற்கேற்ற, எம் வகுப்பு என்று குறிக்கப்பட்ட தொழில்முறை வேக்குவத்தை ஒப்பந்ததாரர் வாங்கினார், விலை குறைவில்லை. தன்னுடைய மூன்று தளங்களுக்கும் சுழற்சியில் விடுவதாலும், தளத்தில் கிரைண்டர் வேலை ஏற்கெனவே குறைந்திருந்ததாலும் அது கட்டுபடியாயிற்று. மூலைகளில் உறிஞ்சுமூடி முழுவதும் உட்காராது. அந்தச் சிறு இடங்களை வைரத்தூள் பதித்த கைப்பட்டையால் ஈரமாகத் தேய்க்கிறார்கள்.

கல் சேறு காய்ந்தால் மறுபடி தூசிதான். அன்றன்றைக்கே ஈரமாக வழித்து டிரம்மில் சேர்த்து, தெளிந்த நீரை வடித்து, அடியில் படிந்ததைச் சாக்கில் கட்டுகிறார்கள். கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் அங்கே இறுகிப்போகும். துடைப்பத்தால் காய்ந்த தரையைப் பெருக்குவது நின்றது. சட்டையையும் தலையையும் புளோயரால் ஊதிக்கொள்வதும் நின்றது. இதை நிறுத்துவதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேச வேண்டியிருந்தது, ஏனென்றால் வியர்வையில் ஒட்டிய கல்பொடியோடு பேருந்து ஏற யாருக்கும் மனமில்லை. தளத்திலேயே குளிக்க இடமும் உடுப்பை மாற்றிக்கொள்ள வசதியும் செய்துகொடுத்த பிறகு அது தானாகக் குறைந்தது. அந்தத் தூசி வீட்டுக்குப் போய்க் குழந்தைகளின் பாயில் உதிராமல் இருக்கவும் இதுதான் வழி.

முகக்கவசம்

துண்டு, கைக்குட்டை, துணி மாஸ்க் ஆகியவை இந்தத் துகளுக்குத் தடை அல்ல. இந்தியத் தர எண் 9473இன்படி எஃப்.எஃப்.பி.2 வகையோ, அதற்கு இணையான என்95 வகையோ தேவை. அதுவும் முகத்தில் இடைவெளியின்றிப் பதிந்தால்தான் பலன். தாடி இருந்தால் பதியாது. நன்றாகப் பதிந்த நிலையிலும் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்பதே இத்தகைய கவசத்தின்மேல் வைக்கத்தக்க நம்பிக்கை. உலர்வெட்டில் எல்லை நூறு மடங்கு தாண்டும்போது பத்தில் ஒன்று எதற்கும் போதாது. சித்திரை, வைகாசி வெயிலில் மதுரையில் எட்டு மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு வேலை செய்யச் சொல்வதும் நடக்கிற காரியமன்று. ஆகவே தண்ணீரும் உறிஞ்சலும் அமைந்த பிறகு, கிரைண்டர் திருத்தம், வேக்குவம் பையை மாற்றுதல் போன்ற குறுகிய வேலைகளுக்கு மட்டும் கவசம் கட்டாயமாக்கப்பட்டது. நேரம் குறுகியதால் முழுவதும் அணிகிறார்கள்.

காடி வெட்டும் மின்பணியாளர்கள்

கிரானைட் குழுவின் தூசி அடங்கிய பிறகும் மூன்றாம் மாடியில் மாலை வெளிச்சத்தில் காற்று மங்கலாகவே இருந்தது. தேடியபோது, ஏ.சி. இணைப்புக்காகப் பூச்சு முடிந்த சுவரில் மின்பணியாளர்கள் கிரைண்டரால் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டிக்கொண்டிருந்தார்கள். செங்கல், சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் எல்லாவற்றிலும் குவார்ட்ஸ் உண்டு. மணல் என்பதே பெரும்பகுதி அதுதான். மூடிய அறையில், இரண்டு பிளேடு போட்டு, தண்ணீர் விட வழியில்லாத நேர்ச்சுவரில் நடக்கும் இந்த வேலை, கிரானைட் அறுப்புக்கு எந்த விதத்திலும் குறைந்ததன்று. இவர்களுக்குத் தங்கள் வேலையில் தூசிநோய் உண்டு என்ற எண்ணமே இருக்கவில்லை; அது கல் ஆட்களின் நோய் என்றார்கள்.

காடிகளைப் பூச்சுக்கு முன்பே முடித்துவிடும்படி வரைபட நிலையில் ஏ.சி. இடங்களைத் தீர்மானிப்பது, உறிஞ்சலோடு கூடிய காடி மிஷினைப் பயன்படுத்துவது, வெட்டும் மாடியில் மறுநாள் காலை வரை வேறு யாரையும் வேலைக்கு விடாதிருப்பது என்று மூன்றைப் பரிந்துரைத்தேன். கடைசியாகச் சொன்னது முன்னே போட்ட ஐந்து மணி நேரக் கணக்கிலிருந்து வந்தது. வேலை அட்டவணை தள்ளிப்போகும் என்று இதற்குத்தான் எதிர்ப்பு கடுமையாக இருந்தது.

கூடவே இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். இரண்டு வீட்டுக்காரர்கள் கிரானைட்டுக்குப் பதிலாக, பிசின் கலந்து செயற்கையாகச் செய்யப்படும் குவார்ட்ஸ் மேடையைக் கேட்டிருந்தார்கள். அதில் படிகச் சிலிக்கா தொண்ணூறு விழுக்காட்டையும் தாண்டக்கூடும். அதை வெட்டிய இளம் தொழிலாளர்கள் சில ஆண்டுகளிலேயே நோயுற்றதைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடைசெய்துவிட்டது. அத்தகைய மேடைகள் இந்தத் தளத்தில் எந்த முறையிலும் வெட்டப்படக் கூடாது, வெட்டி முடித்தே வர வேண்டும் என்று எழுத்தில் கொடுத்தேன், ஒப்பந்ததாரர் ஏற்றுக்கொண்டார்.

இழப்பீடும் பதிவும்

சிலிகோசிஸ் 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டிருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது; 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அப்படியே வைத்திருக்கிறது. ஆனால் நம் நோயாளியிடம் பதினேழு ஆண்டு உழைப்புக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. குவாரியில் வாரக்கூலி கையில் கிடைத்தது. அதன்பின் மேஸ்திரி மாறினார், தளம் மாறியது, ஒப்பந்ததாரர் மாறினார். நோய் எந்த முதலாளியின் வேலையில் வந்தது என்று காட்டுவதில்தான் அவருடைய மனு இப்போது நிற்கிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்த தொழில் வரலாறும், உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலமும் மட்டுமே கைவசம் உள்ள சான்றுகள்.

இதைக் கண்டபின், மாற்றங்களோடு ஒரு பதிவேட்டையும் சேர்த்தேன்: தேதி, தளம், கல்லின் வகை, வெட்டிய நேரம், தண்ணீரா உறிஞ்சலா, யார் யார் இருந்தார்கள். ஒருநாளுக்கு ஒரு வரி. அதன் நகல் ஒவ்வொரு தொழிலாளியிடமும் இருக்க வேண்டும், ஒப்பந்ததாரரின் கையொப்பத்தோடு. மற்ற நால்வருக்கும் மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் எடுக்கப்பட்டன. ஒருவருக்கு மேல் நுரையீரலில் சந்தேகத்துக்கு இடமான புள்ளிகள் தெரிகின்றன. அவர் கிரைண்டர் வேலையிலிருந்து விலக்கப்பட்டு, கூலி குறையாமல், அளவெடுக்கும் பணிக்கு மாற்றப்பட்டிருக்கிறார். நால்வருக்கும் ஆண்டுதோறும் சோதனை தொடரும். செலவு ஒப்பந்ததாரருடையது என்று எழுத்தில் உள்ளது.

நோயாளி இப்போது தூசி வேலைக்குப் போவதில்லை. உடல் இடம் கொடுக்கும் நாள்களில் சமையலறைகளுக்குப் பிளைவுட் அச்சு எடுத்துத் தருகிறார். கோணல் சுவரை அவரளவு துல்லியமாக அளப்பவர் குழுவில் இல்லை. அச்சுப் பலகையைக் கைரம்பத்தால் திறந்தவெளியில்தான் வெட்ட வேண்டும் என்பது அவருக்கு விதித்த நிபந்தனை. காடி வெட்டும் மின்பணியாளர்களுக்கு வாங்குவதாகச் சொன்ன மிஷின் இந்த அறிக்கையை எழுதும் வரை வந்து சேரவில்லை. அது வரும்வரை குடியிருப்பின் இரண்டாவது பிரிவில் பூச்சுக்குப் பிந்தைய காடி வேலையை நிறுத்திவைக்கும்படி எழுதியிருக்கிறேன்.